தெளிந்திருந்த இருபத்தொரு டியூப்கள்

போன மாதம் எங்கள் பழைய நுண்ணுயிரியல் துறையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் நாளாம். ஓய்வு பெற்ற ஊழியர்களும் வந்தால் நன்றாயிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்து ஆட்களில் மாடிப்படி ஏறக்கூடியவன் நான் ஒருவன்தான் மிச்சம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. கடைசி வரிசையில் மெத்தை வைத்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். ஏ.சி. மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு கண்ணை இழுத்தது.

ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து பெயரைச் சொல்லி, "என் ஆராய்ச்சி ஆர்வம்" என்று ஆரம்பித்தது. ஒருவருக்குக் காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் எப்படி ஒளிந்து வாழ்கிறது என்பதில் ஆர்வம். இன்னொருவருக்கு டெங்குவில். மூன்றாவதாக எழுந்த பெண்ணுக்கு, ஒரு கிருமி தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும் முதல் சில நிமிடங்களில் ஆர்வமாம். அவளுக்குப் பின்னால் திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் வெள்ளி இழை மாதிரி ஒன்று, முனை கொக்கியாக வளைந்து, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மிதந்தது. எனக்குத் தூக்கம் கலைந்தது. அல்லது வேறொரு தூக்கத்துக்குள் போய்விட்டேனோ என்னவோ, அந்தப் பெண் பேசியது அதற்குமேல் காதில் விழவில்லை. எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

எங்கள் காலத்தில் ஆர்வம் என்ன என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. தலைப்புதான் உண்டு. மேல்படிப்புக்கு வந்த டாக்டர்கள் வரிசையாகத் துறைத் தலைவர் அறைக்குள் போவார்கள், ஆளுக்கொரு தலைப்போடு வெளியே வருவார்கள். முகத்தைப் பார்த்தே இனிப்பா கசப்பா என்று நாங்கள் சொல்லிவிடுவோம். நாங்கள் என்றால் லேப் டெக்னீஷியன்கள். கிருமிக்கு இரையான மீடியா காய்ச்சுவது, டியூப் கழுவுவது, முயலுக்குப் புல் போடுவது, கிருமியை வளர்ப்பது, வளர்ந்ததைக் கொல்வது. முப்பது வருஷத்துக்கு மேல் இதுதான் என் உத்தியோகம்.

எங்கள் தெருவில் ஆண்பிள்ளை என்றால் மீசை முளைத்ததும் சபுர் போக வேண்டும். கப்பலேறி மலேயாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு கடையில் போய் நிற்க வேண்டும். என் அண்ணன்கள் இரண்டு பேரும் போனார்கள். எனக்குக் கப்பல் என்றாலே வயிற்றைப் புரட்டும். நாகப்பட்டினம் துறைமுகம் வரை போய், கப்பலைக் கண்ணால் பார்த்துவிட்டு, திரும்பி வந்தவன் நான். "இவன் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல" என்று அத்தா முடிவு கட்டிய வருஷம், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் டெக்னீஷியன் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் இன்றைக்கு ஞாபகம் இருப்பது ஃபீனால் வாடை மட்டும்தான்.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் சுப்பராயன். எல்லோருக்கும் அவர் 'சீஃப்'. மெலிந்த ஆள். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்றாதவர். தோட்டியிலிருந்து டீன் வரைக்கும் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாயிருந்திருக்கும். அவரிடம் யார் எதைச் சொன்னாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, ஒரே கேள்வியைக் கேட்பார்: "பாத்தீங்களா, நினைச்சீங்களா?" தட்டில் காலரா முளைத்திருக்கிறது என்றாலும் அதே கேள்விதான், முயல் செத்துவிட்டது என்றாலும் அதே கேள்விதான். பார்த்தேன் என்றால் நம்பிவிடுவார். நினைத்தேன் என்றால், "சரி, போய்ப் பாத்துட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான்.

டாக்டர் திலகவதி அவரிடம் படிக்க வந்தவர். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். அவருக்கு சீஃப் கொடுத்த தலைப்பு டைபாய்டு. ஆனால் அவர் கண்ணெல்லாம் வேறொன்றின் மேல் இருந்தது. நடவு முடிந்ததும் எங்கள் பக்கத்து வயல்காட்டு ஜனங்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். கெண்டைக்கால் சதை கடுக்கும், கண் சிவக்கும், நாலு நாளில் போய்விடும். சிலருக்குப் போகாது, கண் மஞ்சளாகும். எலி மூத்திரத்திலிருந்து வயல் தண்ணீரில் கலக்கும் ஒரு கிருமிதான் காரணம் என்று அவர் புத்தகத்தில் படித்திருந்தார். எங்கள் ஆற்றுப் பாசனத்தில் அதை யாரும் தேடிப் பார்த்ததில்லை. "பாய், இந்தப் பக்கத்துல எலிக்கும் பஞ்சமில்லை, தண்ணிக்கும் பஞ்சமில்லை. அது இல்லாம இருக்குமா?" என்று என்னிடம் கேட்பார். "நினைக்கிறீங்களா டாக்டரம்மா?" என்று சீஃப் மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் கேட்பேன். சிரித்துவிடுவார்.

அந்தக் கிருமிக்கான மீடியாவை அவருக்காக நான்தான் தயார் செய்தேன். முயலின் காது நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, உறைய விட்டு, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்து, வடிகட்டிச் சேர்க்க வேண்டும். முயலை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தால் காது சூடாகி நரம்பு எழும்பும். மழை பெய்யும் மத்தியானங்களில் ஜன்னலோரம் முயலோடு அப்படி உட்கார்ந்திருந்த நேரங்கள் எனக்கு இன்றும் கனவில் வருகின்றன. கனவில் மழை மட்டும் நிற்பதே இல்லை.

திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம் அது. தஞ்சை ஜில்லாவே இரண்டு பட்டுக் கிடந்தது. ஊருக்கு ஊர் கொடிக்கம்பம். களத்துமேட்டில் ஒரு பக்கம் பண்ணையார்கள், மறுபக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கம். நடவுக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு, பூவணத்தோப்பு என்ற ஊரில் சங்கத்து ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணையார் வேதாரண்யம் பக்கமிருந்து உப்பளத் தொழிலாளர்களை லாரியில் கூட்டிவந்தார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அவர்களுக்கும் வயிறு இருக்கிறதே.

வேலைக்கு வந்த இரண்டாவது வாரம் அவர்களில் ஏழு பேர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். காய்ச்சல், மஞ்சள் பூத்த கண், மூக்கில் ரத்தம். இரண்டு பேர் இறந்துபோனார்கள். எலி பாஷாணம் தின்றவனுக்கும் இதே மாதிரிதான் கண் மஞ்சளாகும், ரத்தம் வரும். வயல் வரப்பில் வைத்திருந்த குடிதண்ணீர்ப் பானையில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று பண்ணையார் புகார் கொடுத்தார். பானைப் பக்கம் போனதாகச் சொல்லப்பட்டவன் பக்கிரிசாமி, சங்கத்து ஆள். "வேலை செய்யாதீங்க, திரும்பிப் போயிடுங்க" என்று அந்த உப்பளத்து ஆட்களிடம் கெஞ்சப் போயிருக்கிறான். அவன் குடிசைக் கூரையில் எலி பாஷாண டப்பா ஒன்று அகப்பட்டது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் கூரையில்தான் அது இல்லை? அவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். உள்ளூர் ஆட்கள் ஒருவருக்கும் இந்தக் காய்ச்சல் வராமல், வெளியூர் ஆட்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்பதுதான் போலீஸ் கேட்ட கேள்வி.

இறந்தவர்களின் வயிற்றுப் பொருட்கள் ரசாயனப் பரிசோதனைக்குப் போயின. அது வர மாதக்கணக்காகும் என்றார்கள். ஆனால் ஏழு பேரும் சேர்ந்த அன்றே திலகவதி அவர்கள் ரத்தத்தை எடுத்துவிட்டிருந்தார். ஆளுக்கு மூன்று டியூப், மொத்தம் இருபத்தொன்று. ஒவ்வொன்றிலும் நான் தயார் செய்த மீடியாவில் இரண்டே சொட்டு ரத்தம். அந்தக் கிருமி முளைத்தால் அது நோய், விஷமில்லை. ஒரு மனிதனின் தலையெழுத்து அந்த இருபத்தொரு டியூபில் இருந்தது.

அவர் அவற்றை இன்குபேட்டரில் வைக்கவில்லை. அந்தக் கிருமிக்கு அந்தச் சூடு ஆகாது. மர அலமாரியில், இருட்டில் வைத்தார். வைத்த நாள் வெள்ளிக்கிழமை, நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தேன். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டிவிட்டு, பரீட்சைக்காக மெட்ராஸ் ரயிலேறிவிட்டார்.

எங்கள் துறையில் சனிக்கிழமைக் கழுவல் என்று ஒன்று உண்டு. கண்ணாடி டியூப்களுக்கு அப்போது அவ்வளவு தட்டுப்பாடு. மீடியாவில் ரத்தம் விட்டு வளர்ப்பதுதான் ரத்தக் கல்ச்சர்; அதில் கிருமி வளர்ந்தால் மீடியா கலங்கும். ஏழு நாளாகியும் தெளிவாகவே இருந்தால் எதுவும் வளரவில்லை என்று பொருள். ஆட்டோகிளேவில் வேகவைத்து, கொட்டி, கழுவி, கவிழ்த்துவிடுவோம். டைபாய்டு, காலரா, சீழ் பிடிக்கும் கிருமிகள், எல்லாம் அந்த ஏழு நாளுக்குள் முகத்தைக் காட்டிவிடுகிறவைதான். என் அலமாரிகளில் தேவையில்லாத ஒரு டியூப் இருக்காது என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. டாக்டரம்மா ரயிலேறியதற்கு மறுவாரத்துச் சனிக்கிழமை மர அலமாரியைத் திறந்தேன். இருபத்தொரு டியூப்களும் அடியில் லேசான சிவப்போடு, மேலே குளத்துத் தண்ணீர் தெளிந்தது போலத் தெளிந்திருந்தன. வெளிச்சத்துக்கு நேரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். மனதுக்குள் எண்ணினேன், எட்டு நாள் ஆயிற்று. மீடியா செய்யத் தெரிந்த எனக்கு, இந்தக் கிருமியின் வழக்கம் வேறு என்பது தெரியாது. கதவின் உட்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்தால் அது என் முதுகுப் பக்கம் போய்விடும்.

ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கழுவினேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

திங்கட்கிழமை திலகவதி வந்து அலமாரியைத் திறந்தார். பிறகு கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்து என் கையில் கொடுத்தார். 'ஆறு வாரம் தொட வேண்டாம். இது வளர்ந்தாலும் கலங்காது. தி.' என்றிருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நானே சீஃப் அறைக்குப் போனேன்.

சீஃப் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஹாஜா, அடியில சிவப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அதை பாத்தீங்க."

"பாத்தேன் சார்."

"வளரலைங்கறத?"

"நினைச்சேன் சார்."

"மைக்ராஸ்கோப்ல ஒரு சொட்டு வச்சுப் பாத்திருக்கலாம்." அதையும் அவர் சாதாரணக் குரலில்தான் சொன்னார். "ரிஜிஸ்டர்ல எழுதிடுங்க. பார்க்காமல் கொட்டப்பட்டதுன்னு. உங்க கையெழுத்துப் போடுங்க."

எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, அந்த முகம் தெரியாத மனிதன் கம்பிக்குப் பின்னால் இருக்கிறானே என்பதுதான் மனதை அறுத்தது.

மறுநாள் காலை லேப் வாசல் வாதாம் மரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். கரையில்லாத சிவப்புச் சேலை, ஈரத்தலை. பக்கிரிசாமியின் மனைவி காளியம்மாள். சங்கத்து ஆட்கள் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"பாய், செத்தவங்க ரத்தத்தை நீங்க வச்சிருக்கீங்களாமே. அதுல கிருமி மொளைச்சா எங்க வூட்டுக்காரர வுட்ருவாங்களாம். மொளைச்சிருச்சா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "இன்னும் இல்லம்மா. அது மெதுவா வளர்ற கிருமி."

அவள் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள். "அது வளர ஏதாச்சும் வேணுமா பாய்? பால் கீல் வாங்கியாரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அதிலிருந்து புருஷனைப் பார்க்க ஜெயிலுக்கு வரும் நாளெல்லாம், வாரத்துக்கு இரண்டு தரம், வந்து நின்றாள். நானும் 'இன்னும் இல்லம்மா' என்றேன். ஒவ்வொரு தரமும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திலகவதி இடிந்துபோய் உட்கார்ந்துவிடும் ஆள் இல்லை. இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, அந்த வயல் எலிகளின் சிறுநீரகத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, பிழைத்தவர்களின் ரத்தத்தை மறுபடியும் எடுப்பது. நோய் தாக்கியவன் உடம்பு அதோடு சண்டை போட்ட அடையாளம் ரத்தத்தில் பிந்திய வாரங்களில்தான் தெரியும். முதல் நாள் எடுத்த சீரத்தில் இல்லாத அடையாளம் இப்போது எடுப்பதில் இருந்தால், அது மறுக்க முடியாத சாட்சி. முதல் நாள் சீரம் டைபாய்டு பரிசோதனைக்காகப் பிரித்தது, மிச்சம் ஐஸ் பெட்டியில் பத்திரமாக இருந்தது. சீரத்தைக் கொட்டக்கூடாது என்பது சீஃப் போட்ட சட்டம். அந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால் அதையும் நான் பளபளவென்று கழுவியிருப்பேன்.

எலி வேண்டும் என்று காளியம்மாளிடம் சொன்னோம். டியூப்களைக் கொட்டியதை நான் அப்போதும் சொல்லவில்லை. அந்த வயல்காட்டில் நடவுக்கு முன்னால் எலி வளை வெட்டிப் பிடிப்பது அவர்கள் ஜனங்கள்தான். வேலைநிறுத்தத்தால் அந்த வருஷம் பிடிக்கவில்லை, வரப்பெல்லாம் வளை. மூன்றாம் நாள் வாயில் வலை கட்டிய மண்பானையோடு வந்து இறங்கினாள்.

"பஸ்ஸுலயா கொண்டாந்த?" என்றேன்.

"கண்டக்டர் என்னா பானைன்னான். கருவாடுன்னேன். உள்ள கிரீச்சுன்னுச்சு. கருவாடு கத்துதேன்னான். பச்சக் கருவாடு, அப்புடித்தான் கத்தும்னேன். அதுக்கப்பறம் கிட்டக்க வரல."

திலகவதி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. அவள் கொண்டுவந்த ஏழு எலிகளிலிருந்து புது டியூப்கள் போட்டோம். இந்த முறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பார்க்க வேண்டிய நாளில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

மார்கழியில் ஒரு நாள் நானும் திலகவதியும் வேதாரண்யம் பஸ்ஸில் போனோம். கொதிக்க வைத்த கண்ணாடி ஊசிகள் ஒரு டப்பாவில், ஐஸ் போட்ட ஃபிளாஸ்க் என் மடியில். வழியெல்லாம் வெள்ளம் நின்ற வயல். சாலை எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. பஸ் தண்ணீர் மேலேயே மிதந்து போவது போலிருந்தது. கப்பலுக்குப் பயந்தவன் கடைசியில் நெல்வயலில் கப்பல் ஏறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கிழக்கே போகப் போகப் பச்சை வெளுத்து, மண் வெளுத்து, மழைத்தண்ணீர் நின்ற உப்புப் பாத்திகள் வானத்தை அப்படியே வாங்கிக் கிடந்தன. எது மேல் எது கீழ் என்று புரியாத வெளிச்சம்.

பிழைத்த ஐந்து பேரில் நான்கு பேர் வேலை தேடி எங்கெங்கோ போயிருந்தார்கள். அகப்பட்டவர் காத்தமுத்து ஒருவர். இறந்த இருவரில் ஒருவன் அவருடைய தம்பி. வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். திலகவதி வந்த காரியத்தைச் சொன்னார்.

"இந்த ரத்தம் யாருக்கு?" என்று கேட்டார் காத்தமுத்து.

நான் திலகவதியைப் பார்த்தேன். உங்கள் உடம்புக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர் சொல்லவில்லை. "பக்கிரிசாமின்னு ஒருத்தர் ஜெயில்ல இருக்கார். விஷம் வச்சாரான்னு தெரிஞ்சுக்க."

"அவன வெளிய வுடறதுக்கு எங்கிட்டயே வர்றீங்க."

"இது நோயா இருந்தா உங்க ரத்தத்துல தெரியும். விஷமா இருந்தா தெரியாது. எது வந்தாலும் வந்ததத்தான் எழுதுவோம்."

அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எந்தம்பிய யாரும் கொல்லலங்கறீங்களா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். நினைக்கத்தான் செய்யறேன். பார்க்கணும்."

"யார் மேலயாச்சும் கோவமா இருந்தா ராத்திரி கண்ணாச்சும் அசருது டாக்டரம்மா. அதையும் எடுத்துக்கிட்டுப் போறேங்கறீங்க." அவருக்குக் குரல் உடைந்தது.

அப்போதுதான் திலகவதி தரையில் உட்கார்ந்தார். "உங்க காலைக் காட்டுங்க" என்று அவர் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தினார். வருஷக்கணக்காக உப்புநீரில் நின்ற பாதம். கோடைக் களிமண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. "எலி மூத்திரம் கலந்த தண்ணி. அதுல பத்து நாள் இந்தக் காலோட நின்னிருக்கீங்க. அந்த ஊர்க்காரங்க காலில இப்படி வெடிப்பு இல்லை. சின்ன வயசுலேர்ந்து அந்தக் காய்ச்சல் லேசா வந்து வந்து அவங்க உடம்புக்கும் பழகியிருக்கும். உங்களுக்குப் புதுசு." அவர் எனக்கும் சேர்த்தேதான் சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ் கேட்ட கேள்விக்கான பதில் அந்தப் பாதத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் அந்தப் பாதங்கள் போர்வைக்குக் கீழேதான் கிடந்தன.

"தம்பிக்கும் இப்புடித்தான் இருந்துச்சு" என்றார் காத்தமுத்து. சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

இரண்டு சீரமும் மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம், எலி டியூப்களில் ஒன்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கறுப்புத் திரை போட்ட அறையில் டார்க் கிரவுண்ட் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அதில் பின்னணி கும்மிருட்டாயிருக்கும், உயிருள்ளது மட்டும் ஒளிரும். முந்தைய வாரங்களில் வெறும் இருட்டைத்தான் பார்த்தேன். அன்று அந்த இருட்டின் ஓரத்தில் ஏதோ ஒன்று நடுங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு கண்பரப்பு முழுக்க வெள்ளி இழைகள், முனை வளைந்து, அவசரமே இல்லாமல் சுழன்று, ஒன்றை ஒன்று தொடாமல் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு அழகான ஒன்றை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. இரண்டு பேரைக் கொன்ற சாமான் இப்படியா இருக்கும் என்று இருந்தது. டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. நான் கொட்டிய இருபத்தொன்றிலும் இவை இப்படித்தான் நீந்திக்கொண்டிருந்திருக்கும், நான் பாட்டு முணுமுணுத்த நேரத்தில்.

வெளியே வந்து சீஃபைக் கூப்பிட்டேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே, "பாத்தேன் சார்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மெட்ராஸ் கடிதம் தை பிறந்ததும் வந்தது. காத்தமுத்துவின் முதல் சீரத்தில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் சந்தேகத்துக்கே இடமில்லாத அடையாளம். கோர்ட்டுக்கான அறிக்கையை சீஃப் தமிழில் எழுதினார். அலுவலகமெல்லாம் தமிழுக்கு மாறச் சொல்லி உத்தரவுகள் வந்துகொண்டிருந்த காலம், ஆனால் அவர் எழுதியது உத்தரவுக்காக இல்லை. "சம்பந்தப்பட்டவங்க படிச்சாப் புரியணும் ஹாஜா" என்றார். கிருமிக்குத் தமிழில் பெயர் இல்லை. எலியின் சிறுநீர் வழியாக வயல்நீரில் கலந்து, வெடித்த பாதத்தின் வழியாக உடம்பில் நுழையும் கிருமி என்று எழுதினார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார். முதலில் எடுத்த ரத்தக் கல்ச்சர்கள் இத்துறையின் தவறால் பார்க்காமல் கொட்டப்பட்டன. என் பெயரை எழுதவில்லை. துறை என்றுதான் எழுதினார். எனக்கு அதுவே சாட்டையடியாக இருந்தது.

பக்கிரிசாமியை விட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலை புருஷனும் பெண்டாட்டியுமாக வாதாம் மரத்தடியில் வந்து நின்றார்கள். அவன் ஆள் பாதியாக இருந்தான். காளியம்மாள் துணியில் முடிந்த ஏதோ கொண்டுவந்திருந்தாள், அவல் என்று நினைக்கிறேன். என்னைக் கண்டதும் கையைக் கூப்பினாள்.

"கும்பிடாத" என்றேன். "ஆசுபத்திரியில எடுத்த ரத்தம் எதுவுமே எங்கிட்ட இல்லம்மா. நீ மொதல் நாள் வந்து கேட்டப்பவே இல்ல. நான்தான் கழுவிக் கொட்டிட்டேன். அது இருந்திருந்தா உன் வூட்டுக்காரர் எப்பவோ வெளிய வந்திருப்பார். வளரல, வளரலன்னு உங்கிட்ட பொய் சொல்லிக்கிட்டிருந்தேன்."

கூப்பிய கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

பக்கிரிசாமிதான் முதலில் பேசினான். "சரி வுடு. அதான் வந்தாச்சில்ல."

"ஒனக்கு வந்தாச்சு" என்றாள் அவனைப் பார்க்காமலே. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் பாய், அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்ல? நான் என்னா பண்ணியிருப்பேன்? திட்டியிருப்பேன். நல்லாத் திட்டிப்புட்டு, எலியும் புடிச்சாந்திருப்பேன்."

அப்புறம் திட்டினாள். பஸ் வரும்வரைக்கும், லேப் வாசலில் அத்தனை பேர் பார்க்க, வாய் ஓயாமல் திட்டினாள். நான் கடைசி வரைக்கும் நின்று கேட்டேன்.